பழைய லேப்டாப்பைத் தூக்கி எறிய வேண்டாம்!

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ந் தேதி. அன்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நாளில் "ஓய்வு" கொடுக்கப்பட்டது.

அவை கெட்டுப்போகவில்லை. உடைந்துபோகவில்லை. முதல் நாள் இரவு வரை ஓடியவை, மறுநாள் காலையிலும் ஓடின.

அப்படியானால் என்ன நடந்தது?

அந்தக் கம்ப்யூட்டர்களில் "விண்டோஸ் 10" என்ற மென்பொருள் இருந்தது. அதைத் தயாரித்தது மைக்ரோசாப்ட் நிறுவனம். 2015-ம் ஆண்டு வெளிவந்த அந்த மென்பொருளுக்கு, வழக்கமாகத் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை அந்த நிறுவனம் அன்றோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 7-க்கு இதே கதி 2020 ஜனவரியில் வந்தது. விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரியில் வந்தது.

உடனே பல வீடுகளில் ஒரு பேச்சு எழுந்தது. "இந்த லேப்டாப் இனி உதவாது. புதிது வாங்க வேண்டும். தவணையில் வாங்கலாமா? நகையை அடகு வைக்கலாமா?"

பிள்ளையின் படிப்பு என்றால் பெற்றோர் எந்தக் கடனுக்கும் துணிவார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் கடன் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பழையது உண்மையிலேயே உதவாதா?

பல வீடுகளில் இதற்குப் பதில்: "உதவும்!"

மேஸ்திரி மாறினால் போதும்

வீடு கட்டும் இடத்தைப் பாருங்கள். கொத்தனார் இருக்கிறார். சித்தாள் இருக்கிறார். செங்கல், மணல், சிமெண்டு எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் யார் எதை எப்போது செய்வது என்று சொல்ல ஒரு மேஸ்திரி வேண்டும். அவர் இல்லாவிட்டால் ஒரு சுவரும் எழும்பாது.

கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒரு மேஸ்திரி உண்டு. விசைப் பலகையில் தட்டிய எழுத்தைத் திரைக்கு அனுப்புவது, படத்தைச் சேமித்து வைப்பது, பாட்டை ஒலிபெருக்கிக்கு அனுப்புவது எல்லாம் அதன் வேலை. அதற்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். தமிழில் "இயங்குதளம்" என்கிறார்கள்.

விண்டோஸ் என்பது ஒரு மேஸ்திரி. அது ஒன்றே மேஸ்திரி அல்ல. ஒரு மேஸ்திரி வேலையை விட்டுப் போனால் வேறொருவரை வைத்துக்கொள்ளலாம். அதற்காகக் கட்டிய வீட்டை இடிப்பவர் உண்டா?

விண்டோஸ் 11 ஏன் ஏறவில்லை?

"பழைய லேப்டாப்பிலேயே விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே?" என்று சிலர் கேட்கலாம். சில லேப்டாப்புகளில் முடியும். பலவற்றில் முடியாது.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது மைக்ரோசாப்ட் சில நிபந்தனைகளைப் போட்டது. "டி.பி.எம். 2.0" என்னும் பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் வேண்டும். அதோடு, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை கடைக்கு வந்ததே 2017-ம் ஆண்டின் பிற்பகுதியில்தான்.

ஆகவே, 2016-ல் நல்ல விலை கொடுத்து வாங்கிய லேப்டாப்பும் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டது. ஓடும் மாட்டுக்குச் சந்தையில் சீட்டு இல்லை என்ற கதைதான்!

அப்படியே ஓட்டினால் என்ன?

"ஓடுகிற வரை ஓடட்டும்" என்று பழைய விண்டோசிலேயே இருப்பவர்களும் உண்டு. இது ஆபத்து.

எந்த மென்பொருளிலும் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். திருடர்களும் அவற்றைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஓட்டை தெரிந்ததும் அதை அடைக்கத் தயாரித்தவர்கள் அனுப்பும் பூச்சுதான் "திருத்தம்". திருத்தம் வருவது நின்றுவிட்டால், புதிதாகக் கண்டுபிடித்த ஓட்டை திறந்தபடியே கிடக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் போடாத வீட்டில் பணப் பெட்டியைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓர் ஆண்டு நீட்டிப்பை மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதற்குத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அது மூச்சு வாங்கிக்கொள்ளக் கிடைத்த அவகாசம். நிரந்தரத் தீர்வு அல்ல.

நிரந்தரத் தீர்வு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ்.

ஒரு மாணவர் தொடங்கிய வேலை

ஐரோப்பாவின் வடகோடியில் பின்லாந்து என்ற நாடு இருக்கிறது. அதன் தலைநகர் ஹெல்சிங்கி. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். வயது 21.

1991-ம் ஆண்டு ஆகஸ்ட் 25-ந் தேதி, தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அவர் மற்றவர்களுக்கு அறிவித்தார். வெறும் பொழுதுபோக்குக்காகத்தான் எழுதுவதாகவும் சொன்னார். அந்தப் பொழுதுபோக்குதான் லினக்ஸ் ஆயிற்று.

அதற்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மேன் என்பவர் ஓர் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், யாரும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதுதான் அவர் கொள்கை. அந்த இயக்கத்துக்கு "குனு" என்று பெயர். குனு இயக்கத்தார் எழுதிய கருவிகளும் டோர்வால்ட்சின் லினக்சும் சேர்ந்தபோது முழு இயங்குதளம் ஒன்று உருவாயிற்று.

பாட்டி கைப்பக்குவக் குழம்புப் பொடியை எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் பொடியை விற்பார். பக்குவத்தைச் சொல்ல மாட்டார். பாட்டியோ பொடியையும் தருவாள். மிளகாய் எத்தனை, மல்லி எத்தனை என்ற கணக்கையும் சொல்வாள். "நீயும் அரைத்துக்கொள், அண்டை வீட்டுக்கும் கொடு" என்பாள். லினக்ஸ் பாட்டியின் பொடி!

1992-ல் டோர்வால்ட்ஸ் தம் படைப்பை ஸ்டால்மேன் எழுதிய உரிமப் பத்திரத்தின் கீழ் கொண்டுவந்தார். மாற்றி எழுதிப் பிறருக்குக் கொடுப்பவர், மாற்றிய பக்குவத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பத்திரத்தின் நிபந்தனை. ஆகவே, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் உழைத்தும், லினக்ஸ் தனி ஒருவரின் சொத்தாகிவிடவில்லை.

இலவசம் என்றால் மட்டமா?

"காசு இல்லாமல் கொடுப்பது நன்றாக இருக்குமா?" இந்தச் சந்தேகம் நம்மவருக்கு உடனே வரும். நியாயமான சந்தேகம்தான்.

ஆனால் லினக்சைத் தொடாத வீடு இன்று அநேகமாக இல்லை. கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? அதன் அடித்தளம் லினக்ஸ்தான்!

உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஒன்று ஆண்டுக்கு இரண்டு முறை வெளியாகிறது. வானிலைக் கணிப்பு, விஞ்ஞான ஆராய்ச்சி போன்ற பெரிய வேலைகளைச் செய்யும் ராட்சதக் கம்ப்யூட்டர்கள் அவை. 2017 நவம்பரில் வெளியான பட்டியலில் 500-ம் லினக்சில் ஓடின. ஒன்றுகூட விலக்கு இல்லை.

அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் லினக்சில் படிக்கிறார்கள். "கைட்" என்னும் அரசு நிறுவனம், பள்ளிப் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்து, தனி லினக்ஸ் பதிப்பே தயாரித்துக் கொடுக்கிறது.

இந்திய அரசின் "சி-டாக்" நிறுவனமும் 2007-ல் "பாஸ்" என்ற பெயரில் ஒரு லினக்சை வெளியிட்டது. தமிழ் உள்பட இந்திய மொழிகளில் வேலை செய்ய வசதியாக அது தயாரிக்கப்பட்டது.

எந்த லேப்டாப்புக்கு எது?

லினக்ஸ் ஒன்றுதான் என்றாலும் அதைக் கட்டித் தருவோர் பலர். அரிசி ஒன்று, அதில் இட்லி, தோசை, ஆப்பம் என்று பல பலகாரங்கள் இல்லையா? அதுபோல உபுண்டு, டெபியன், பெடோரா, லினக்ஸ் மின்ட் என்று பல வகைகள் இருக்கின்றன.

விண்டோசில் பழகிய குடும்பத்துக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. கீழே பட்டை, மூலையில் பட்டியல், மேஜையில் படங்கள் எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். அதிலும் "எக்ஸ்.எப்.சி.இ." என்ற பதிப்பு எடை குறைந்தது. பழைய லேப்டாப்புக்கு அதுவே நல்லது.

லினக்ஸ் மின்ட் கேட்கும் குறைந்தபட்சத் தேவை 2 ஜி.பி. நினைவகம், 20 ஜி.பி. சேமிப்பிடம். தொல்லை இல்லாமல் ஓட 4 ஜி.பி. நினைவகமும் 100 ஜி.பி. சேமிப்பிடமும் இருக்க வேண்டும் என்று அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். அதன் 22-ம் வரிசைப் பதிப்புகளுக்கு 2029-ம் ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு.

மிக மிகப் பழைய கம்ப்யூட்டர்களில் மட்டும் ஒரு சிக்கல். அவை "32 பிட்" வகையைச் சேர்ந்தவை. பெரிய லினக்ஸ் குழுக்கள் அவற்றைக் கைவிட்டு வருகின்றன. டெபியன்கூட 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ம் பதிப்பில் அவற்றுக்கான நிறுவும் கோப்பை நிறுத்திவிட்டது. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வாங்கிய லேப்டாப் என்றால் பெரும்பாலும் "64 பிட்" ஆகவே இருக்கும். கவலை வேண்டாம்.

இயங்குதளத்தை மாற்றினால் மட்டும் கிழவன் குமரனாகிவிட மாட்டான். இதையும் சொல்லியாக வேண்டும். பழைய லேப்டாப் மெதுவாக ஓடுவதற்குப் பெரிய காரணம், அதற்குள் சுழலும் ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு "எஸ்.எஸ்.டி." போட்டால் வேகம் நன்றாகக் கூடும். நினைவகத்தை 2 ஜி.பி.யிலிருந்து 4 அல்லது 8 ஆக்க முடியுமா என்றும் கடையில் கேட்கலாம். இரண்டையும் செய்தாலும், புதிய லேப்டாப்பின் விலையில் சிறு பங்குதான் செலவாகும்.

முதல் வேலை: நகல் எடுப்பது

லினக்ஸ் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இதை மறந்தால் பிறகு அழுதும் பயன் இல்லை.

கல்யாணப் படங்கள், குழந்தையின் முதல் பிறந்த நாள் வீடியோ, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வீட்டுப் பத்திரத்தின் நகல், கடைக் கணக்கு என்று அந்தப் பழைய லேப்டாப்பில் என்னென்னவோ இருக்கும். காலமாகிவிட்ட தாத்தாவின் குரல்கூட இருக்கலாம்! அவை எல்லாவற்றையும் வெளியே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். முக்கியமானவற்றை இரண்டு இடங்களில் எடுப்பது நல்லது.

எடுத்தால் மட்டும் போதாது. அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, படங்கள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உலாவியில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது முடியும் வரை அடுத்த வேலையைத் தொடவே கூடாது!

ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்

புடவைக் கடையில் புடவையைப் பிரித்துப் பார்த்த பிறகே வாங்குகிறோம். லினக்சிலும் அந்த வசதி உண்டு. லேப்டாப்பில் எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்!

8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால், காலியான பென் டிரைவாக இருக்க வேண்டும். லினக்ஸ் மின்ட்டின் சொந்த இணையதளத்திலிருந்து நிறுவும் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். அது ஏறத்தாழ 3 ஜி.பி. இருக்கும். வேறு யாரோ அனுப்பும் இணைப்பிலிருந்து இறக்கக் கூடாது. சோறு ஆக்கும் பானைக்குள் யார் கைவிட்டார்கள் என்று தெரிய வேண்டாமா?

இறக்கிய கோப்பைச் சாதாரணமாக நகல் எடுத்துப் பென் டிரைவில் போட்டால் வேலை செய்யாது. "ரூபஸ்", "எட்சர்" போன்ற சிறு மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். இரண்டும் இலவசம்.

பிறகு லேப்டாப்பை நிறுத்திவிட்டு, பென் டிரைவைச் செருகி, மீண்டும் போட வேண்டும். போட்ட உடனே ஒரு விசையை விட்டுவிட்டு அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். லெனோவா, டெல் லேப்டாப்புகளில் பெரும்பாலும் எப்12 விசை. எச்.பி.யில் எஸ்கேப் அல்லது எப்9. ஆசசில் எஸ்கேப். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சிறிது நேரத்தில் லினக்ஸ் திரையில் தோன்றும்.

இப்போது நிதானமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். வைபை கிடைக்கிறதா? ஒலி கேட்கிறதா? கேமரா முகத்தைக் காட்டுகிறதா? வீட்டில் உள்ள பிரிண்டர் அச்சிடுகிறதா? மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா?

பென் டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மெதுவாக இருக்கும். அதைக் குறையாகக் கொள்ளக் கூடாது. வைபை மட்டும் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். சில பழைய வைபை சில்லுகளுக்குத் தனி ஓட்டி மென்பொருள் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, போனின் இணையத்தைக் கொடுத்தால், லினக்ஸ் மின்ட்டில் உள்ள "டிரைவர் மேனேஜர்" வேண்டியதைத் தேடிக் கொடுக்கும்.

பிடிக்கவில்லையா? பென் டிரைவை எடுத்துவிட்டு லேப்டாப்பை மறுபடி போட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். நஷ்டம் ஒன்றும் இல்லை.

அந்த ஒரு கேள்வி!

பிடித்திருந்தால் திரையில் உள்ள "நிறுவு" என்ற படத்தைத் தட்டலாம். எந்த மொழி, எந்த ஊர் நேரம், பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று சில கேள்விகள் வரும். எல்லாம் எளிய கேள்விகள். ஒன்றே ஒன்று மட்டும் எமகண்டம்!

"டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா? விண்டோசுக்குப் பக்கத்திலேயே நிறுவவா?" என்ற பொருளில் அந்தக் கேள்வி வரும்.

முழுவதும் அழித்தால் லேப்டாப்பில் இருந்த எல்லாம் போய்விடும். நகல் எடுத்தாகிவிட்டது, இனி விண்டோஸ் வேண்டாம் என்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய லேப்டாப்புக்கு இதுவே சுத்தமான வழி.

பக்கத்தில் நிறுவினால் இரண்டும் இருக்கும். லேப்டாப்பைப் போடும்போது எது வேண்டும் என்று கேட்கும். ஒரு வேலைக்கு மட்டும் விண்டோஸ் வேண்டும் என்பவர்களுக்கு இது நல்லது. ஆனால் இதற்கு முன் விண்டோசை முறையாக நிறுத்த வேண்டும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே "ஷட் டவுன்" கொடுத்தால் அது முழுவதும் நிற்கும். "பிட்லாக்கர்" என்ற பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணை முதலில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவும் நேரத்தில் மின்சாரம் போகக் கூடாது. பழைய பேட்டரியை நம்பாமல் சார்ஜரை மாட்டியே செய்ய வேண்டும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

தமிழ் எழுத முடியுமா?

நன்றாக முடியும். 1999-ல் தமிழக அரசு ஏற்ற "தமிழ் 99" விசைப் பலகை லினக்சிலும் கிடைக்கிறது. "அம்மா" என்பதை ஆங்கில ஒலிப்படி தட்டிப் பழகியவர்களுக்கு அந்த முறையும் உண்டு. பழைய தட்டச்சு முறையும் உண்டு.

கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் "லிப்ரே ஆபீஸ்" கூடவே வரும். இணையம் பார்க்கப் பயர்பாக்ஸ் வரும். யூடியூப், மின்னஞ்சல், அரசாங்க விண்ணப்பங்கள், வாட்ஸ்அப்பின் இணையப் பக்கம் எல்லாம் உலாவியிலேயே நடக்கும். சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் விளையாட்டாகச் சொல்லித்தரும் "ஜி-காம்ப்ரி" என்ற மென்பொருளையும் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம்.

யாருக்கு ஒத்து வராது?

நல்ல மருந்தாக இருந்தாலும் எல்லா நோய்க்கும் ஆகாது. லினக்சும் அப்படித்தான்.

கடையில் "டேலி" மென்பொருளில் கணக்கு எழுதுகிறவர் அவசரப்பட்டு மாறக் கூடாது. "போட்டோஷாப்"பில் வேலை செய்யும் ஸ்டூடியோக்காரருக்கும் இது பொருந்தும். இவை லினக்சுக்காக எழுதியவை அல்ல. லினக்சில் நேரடியாக ஓடா. டிஜிட்டல் கையெழுத்துச் சாதனம் வைத்திருப்பவர், அது லினக்சில் ஓடுமா என்று முன்பே விசாரிக்க வேண்டும். கண்காணிப்பு மென்பொருள் வழியே வீட்டிலிருந்து பரீட்சை எழுதும் மாணவரும் அப்படியே விசாரிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள் லேப்டாப்பை மாற்றுவது புத்திசாலித்தனம் அல்ல.

பிள்ளையின் பாடம், கடிதம், கணக்கு, படம், இணையம் இவைதான் வேலை என்றால் லினக்ஸ் போதும். பெரும்பாலான வீடுகளில் லேப்டாப்புக்கு இவ்வளவுதான் வேலை!

குறுக்கு வழி வேண்டாம்

சிலர் வேறு ஒரு வழி சொல்வார்கள். "திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன். முந்நூறு ரூபாய் கொடுங்கள்."

இது இரட்டை நஷ்டம். சட்டப்படி தவறு என்பது ஒன்று. திருட்டு மென்பொருளின் பூட்டை உடைத்தவர் உள்ளே வேறு எதை வைத்தார் என்று தெரியாது என்பது மற்றொன்று. பாஸ்வேர்டைத் திருடும் வேவுக்காரன் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். முந்நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கை இழக்கலாமா?

யோக்கியமாக, இலவசமாக ஒரு வழி இருக்கும்போது திருட்டு வழி எதற்கு?

குப்பை மலை

இது ஒரு வீட்டுச் செலவு மட்டும் அல்ல. ஊர்ப் பிரச்சினையும்கூட.

2022-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் சபை அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்கு அளவே. மீதியில் ஈயம், பாதரசம் போன்ற நஞ்சுகளும் இருக்கின்றன. அவை மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. கம்பியை எரித்துச் செம்பு எடுக்கும் ஏழையின் நுரையீரலிலும் புகுகின்றன.

ஒரு லேப்டாப்பைச் செய்வதற்காகச் சுரங்கம் தோண்டுகிறார்கள். சில்லு செய்கிறார்கள். கடல் கடந்து கொண்டுவருகிறார்கள். அதன் ஆயுளில் உண்டாகும் கரிப் புகையில் பெரும் பகுதி, அது வீட்டுக்கு வருவதற்கு முன்பே உண்டாகிவிடுகிறது. ஆகவே, மேலும் நான்கு ஆண்டு ஓட்டினால் அது வீட்டுக்கும் லாபம், பூமிக்கும் லாபம்.

அரசும் பள்ளியும் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமானவை வழங்கப்பட்டன. தகப்பன் கூலி வேலை செய்த வீட்டிலும் லேப்டாப் நுழைந்தது. அது பெரிய காரியம்.

அவற்றில் பல இன்று எங்கே? பரணில்! பழைய பாத்திரத்துக்கும் கிழிந்த பாய்க்கும் நடுவில்!

ஒரு லேப்டாப் மெதுவாக ஓடத் தொடங்கியபோது, "இப்படிச் செய்" என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. குறை அங்கேதான். மிதிவண்டி பஞ்சரானால் ஒட்டித்தரக் கடை இருக்கிறது. லேப்டாப்புக்கு மேஸ்திரியை மாற்றித்தர ஆள் வேண்டாமா?

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. அரசுப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் ஆண்டுக்கு இரண்டு நாள் "லினக்ஸ் முகாம்" நடத்தலாம். கண் சிகிச்சை முகாம் நடத்துவதில்லையா? அப்படித்தான். பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களைத் தொண்டர்களாக வைக்கலாம். பழைய லேப்டாப்போடு வருகிறவர்களுக்கு முதலில் நகல் எடுத்துக்கொடுக்க வேண்டும். பிறகு சோதித்துக் காட்ட வேண்டும். சம்மதித்தால் நிறுவிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்றும் சொல்லி அனுப்ப வேண்டும்.

சொல்லித்தர ஆள் இல்லாமல் இல்லை. சென்னையில் லினக்ஸ் ஆர்வலர் குழு 1990-களின் பிற்பகுதியிலிருந்தே இயங்கிவந்திருக்கிறது. 2012-ல் தொடங்கிய "கணியம்" என்ற இணைய இதழ், இந்தப் பாடங்களை எளிய தமிழில், காசு வாங்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறது. சொல்லித்தருகிறவரையும் தேவைப்படுகிறவரையும் சேர்த்துவைக்க வேண்டியதுதான் பாக்கி. அதை அரசும் பள்ளிகளும் செய்ய வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களும் ஒன்று செய்யலாம். புதிய லேப்டாப்புக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், பரணில் இருப்பதை இறக்க வேண்டும். தூசி தட்ட வேண்டும். அதில் உள்ள படங்களைப் பத்திரமாக நகல் எடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்காக ஒதுக்க வேண்டும்.

ஓடினால் ஒரு கடன் மிச்சம். ஓடாவிட்டால் ஒரு பகல் பொழுதுதான் நஷ்டம். பார்த்துவிட வேண்டியதுதானே!